உப்பு டப்பாவும் சீனி டப்பாவும்

இரண்டாம் ஆண்டு உடலியங்கியல் செய்முறை வகுப்பில் ஒருவருக்கொருவர் இரத்த அழுத்தம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்ற வேண்டும். முழங்கை மடிப்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டு காற்றை மெல்ல இறக்கும்போது ‘டக், டக்’ என்ற ஒலி எந்த எண்ணில் தொடங்குகிறது, எந்த எண்ணில் மறைகிறது என்று குறிக்க வேண்டும். அந்த ஒலியை 1905-இல் விவரித்தவர் நிக்கொலாய் கொரொட்கோவ் என்ற ரஷ்ய மருத்துவர். தேர்வில் கேட்பார்கள் என்று அந்தப் பெயரைத்தான் நான் மனத்துக்குள் உருப்போட்டுக்கொண்டிருந்தேன்.

என் கையைப் பிடித்திருந்த தோழி முகம் சுளித்தாள். மறுபடியும் காற்றை ஏற்றினாள். “எனக்குத்தான் சரியா கேக்கல போல” என்று பக்கத்து மேசை நண்பனைக் கூப்பிட்டாள். அவனுக்கும் ஏறக்குறைய அதே எண்தான் வந்தது: 142/92.

நான் சிரித்தேன். காலையில் குடித்த இரண்டு கிளாஸ் கோப்பியைக் காரணம் சொன்னேன். செய்முறைப் பொறுப்பாளர் சிரிக்கவில்லை. முதுகு சாய்த்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொன்னார். கைக்குப் பட்டை சிறியதாக இருந்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும் என்று சொல்லிப் பெரிய பட்டையை எடுத்துவந்தார். அந்தப் பெரிய பட்டையை நான் மிகவும் நம்பினேன். அது 140/90 என்று காட்டியது. வளாகத்துக் கிளினிக்குக்குப் போய்விட்டு வந்து தன்னிடம் சொல்ல வேண்டும் என்றார்.

எனக்கு அப்போது 20 வயது முடிந்து இரண்டு மாதம். ‘பிரஷர்’ என்பது எங்கள் வீட்டில் அப்பாவுக்குச் சொந்தமான சொல். 11 ஆண்டுகளாக அவரிடம்தான் இருக்கிறது. அது எனக்கு எப்படி வரும்?

கிளினிக்கில் இருந்த டாக்டர் அவசரப்படவில்லை. ஒருநாள் எண்ணை வைத்து யாருக்கும் நோய்ப் பெயர் சூட்டக்கூடாது என்றார். வெள்ளை அங்கியைக் கண்டாலே சிலருக்கு அழுத்தம் ஏறிவிடுமாம். தானியங்கிக் கருவி ஒன்றை இரவல் தந்து, ஒரு வாரத்துக்குக் காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை அளந்து எழுதிவரச் சொன்னார். அதற்கு முந்திய அரை மணி நேரத்தில் கோப்பி, சிகரெட் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக்கூடாது. பட்டை கட்டிய கை நெஞ்சின் உயரத்தில் இருக்க வேண்டும். கிளினிக்கில் 140/90 என்பது எல்லை என்றால், வீட்டில் அளக்கும்போது 135/85 தான் எல்லை. என் ஒரு வாரச் சராசரி 136/86.

இந்த வயதில் அழுத்தம் ஏறினால் வேறு காரணம் ஒளிந்திருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும் என்றார். சிறுநீரகக் கோளாறு, தைராய்டு, சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக்குழாயில் சுருக்கம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இரத்தம், சிறுநீர், இசிஜி எல்லாம் எடுத்தார்கள். நல்ல வேளை, அவற்றில் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகுதான் அவர் மேசை இழுப்பறையிலிருந்து தையல்காரர் நாடாவை எடுத்தார்.

நான் 34 அங்குலக் கால்சட்டை போடுபவன். அதைத் தயங்காமல் சொன்னேன். கால்சட்டையைத் தொப்பைக்குக் கீழே அல்லவா போடுகிறாய் என்றார். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, மூச்சை வெளியே விடச் சொல்லி அளந்தார். 95 சென்டிமீட்டர். என் உயரம் 171, எடை 72.5 கிலோ. உடல் நிறை குறியீடு 24.8. பொது அட்டவணையில் 25 வரைக்கும் ‘சரியான எடை’தான். ஆனால் ஆசியர்களுக்கு 23-லிருந்தே ஆபத்து கூடத் தொடங்குகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் சொல்லியிருக்கிறது. தெற்காசிய ஆண்களின் இடுப்புச் சுற்றளவுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை.

இரத்தப் பரிசோதனை முடிவும் வந்தது. சாப்பிடாமல் எடுத்த இரத்தச் சர்க்கரை 5.8. டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு 2.2. நல்ல கொழுப்பு மட்டும் தப்பித்தது. டாக்டர் ஒரு தாளில் ஐந்து கோடு போட்டார்: இடுப்புச் சுற்றளவு, 130/85-ஐத் தொடும் அழுத்தம், 5.6-ஐத் தொடும் சர்க்கரை, 1.7-ஐத் தொடும் டிரைகிளிசரைடு, குறைந்துபோன நல்ல கொழுப்பு. ஐந்தில் மூன்று இருந்தால் அதற்கு வளர்சிதை மாற்றக் கூட்டறிகுறி என்று பெயர். எனக்கு நான்கு. பரீட்சையில் ஐந்துக்கு நான்கு வாங்கியபோதெல்லாம் நான் இவ்வளவு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்ததில்லை.

என்னைக் குழப்பியது நோயின் பெயரல்ல. அழுத்தத்துக்கு உப்பு காரணம், சர்க்கரைக்குச் சீனி காரணம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அறிவியல் மாணவன்தான், ஆனாலும் பாடப்புத்தகத்தில் இரத்த ஓட்டம் ஓர் அத்தியாயம், கணையம் இன்னோர் அத்தியாயம். இரண்டுக்கும் வெவ்வேறு விரிவுரையாளர்கள். இரண்டும் ஒரே தாளில் எப்படி வந்தன?

கேள்வி பழையது. 1988-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரால்ட் ரீவன் ஒரு புகழ்பெற்ற சொற்பொழிவில் இதைத்தான் பேசினார். உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை ஏறுதல், டிரைகிளிசரைடு கூடுதல், நல்ல கொழுப்பு குறைதல் எல்லாம் ஒரே ஆளிடம் கூட்டமாக வந்து சேர்வது தற்செயல் அல்ல, இவற்றுக்கு அடியில் இன்சுலின் எதிர்ப்பு என்ற ஒன்று இருக்கிறது என்றார். அந்தக் கூட்டத்துக்கு ‘சிண்ட்ரோம் எக்ஸ்’ என்று பெயர் வைத்தார். அவருடைய பட்டியலில் தொப்பை கிடையாது. அது பின்னால் வந்தவர்கள் சேர்த்தது.

இன்சுலின் எதிர்ப்பு என்றால் என்ன? சாப்பிட்டதும் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. கணையம் இன்சுலினை அனுப்புகிறது. இன்சுலின் போய்த் தசையின் கதவைத் தட்டினால் கதவு திறந்து சர்க்கரை உள்ளே போகும். வயிற்றுக்குள் குடலையும் ஈரலையும் சுற்றிக் கொழுப்பு சேர்ந்துவிட்டால், அதிலிருந்து வரும் கொழுப்பு அமிலங்களும் பிற இரசாயனங்களும் தசையையும் ஈரலையும் செவிடாக்குகின்றன. தட்டினால் திறப்பதில்லை. கணையம் என்ன செய்யும்? இன்னும் பலமாகத் தட்டும், அதாவது இன்னும் அதிக இன்சுலினைச் சுரக்கும். பல ஆண்டுகளுக்குச் சர்க்கரை அளவு ஏறாமல் சமாளித்துவிடும். வெளியில் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அடுத்த செய்தி. தசைக்குத்தான் காது கேட்கவில்லை. சிறுநீரகத்துக்கு நன்றாகக் கேட்கிறது. இன்சுலின் சிறுநீரகத்துக்குச் சொல்லும் செய்திகளில் ஒன்று, ‘உப்பை வெளியே விடாதே, பிடித்து வை’ என்பது. இதை ரால்ப் டிஃப்ரான்சோவும் சகாக்களும் 1975-இலேயே மனிதர்களிடம் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். தசையின் கதவைத் திறப்பதற்காகக் கணையம் அனுப்பும் கூடுதல் இன்சுலின் முழுவதும் சிறுநீரகத்தின் காதிலும் விழுகிறது. அது உப்பைப் பிடித்து வைக்கிறது. உப்பு இருக்கும் இடத்தில் தண்ணீரும் தங்கும். குழாய்க்குள் ஓடும் அளவு கூடினால் அழுத்தமும் ஏறத்தானே செய்யும்?

இது ஒரு வழிதான், இன்னும் வழிகள் உண்டு. கூடுதல் இன்சுலின், உடலை எப்போதும் ‘ஓடத் தயாராக இரு’ என்ற நிலையில் வைக்கும் நரம்புகளைத் தூண்டுகிறது. இரத்தக்குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டுக் குழாயை விரித்துக்கொடுப்பது வழக்கம். அந்தத் திறன் குறைகிறது. தொப்பைக் கொழுப்பே, இரத்தக்குழாயைச் சுருக்கும் ஹார்மோனுக்கான மூலப்பொருளைச் சுரக்கிறது. கொழுப்பு சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் மூட்டை என்று நினைத்திருந்தேன். அது ஒரு தொழிற்சாலை.

அழுத்தம் உள்ள எல்லோருக்கும் இதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஏறத்தாழ பாதிப் பேரிடம்தான் இன்சுலின் எதிர்ப்பு இருக்கிறது என்பது ரீவனின் கணிப்பு. வம்சம், வயது, உறக்கமின்மை, உப்பு இவையெல்லாம் தனித்தனியாகவும் வேலை செய்கின்றன. இந்தக் கூட்டறிகுறிக்குத் தனிப் பெயர் தேவையா என்று 2005-இல் அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவு அமைப்புகள் சேர்ந்தே கேள்வி எழுப்பின. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சிகிச்சை கொடுத்தால் போதாதா என்பது அவர்கள் வாதம். மருத்துவருக்கு அது போதுமாக இருக்கலாம். ஆனால் ஒரு குடும்பத்துக்கு அந்தப் பெயர் தேவைப்படுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்பதை எங்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2004-இல் ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்களையே படமெடுத்துப் போட்டார்கள். ஒருவர் இந்தியாவின் புனே நகரைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் உடல் நிறை குறியீடு ஒன்றேதான், 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. மேலுக்கு ஒல்லி, உள்ளுக்குக் கொழுப்பு. தெற்காசிய வம்சாவளியினரிடம் பரவலாகக் காணப்படும் உடல்வாகு இது. தசை குறைவு, கொழுப்பு வயிற்றில் அதிகம். “நான் குண்டா இல்லையே டாக்டர்” என்று நான் சொன்னதற்கு அந்தப் படம்தான் பதில்.

என் அன்றாடம் எப்படி இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இடைநிலைப்பள்ளியில் காற்பந்துக் குழுவில் இருந்தேன். பல்கலைக்கழகம் வந்த பிறகு பந்தைத் தொடவில்லை. விடுதியில் இரவு 12 மணிக்கு மேல்தான் எங்களுக்குப் பசிக்கும். மாமாக் கடைக்குப் போய் மீ கோரேங், தே தாரேக். கையில் காசு இல்லாத நாளில் அறையிலேயே உடனடி மீ, தூள் பொட்டலம் முழுவதும் கொட்டி, சூப்பையும் விடாமல். உறக்கம் ஐந்து மணி நேரம். இதில் உப்பும் இருக்கிறது, சீனியும் இருக்கிறது, மாவும் எண்ணெயும் உறக்கமின்மையும் இருக்கின்றன. எது குற்றவாளி என்று தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது.

பருவ விடுமுறைக்கு சுங்கை சிப்புட்டுக்குப் போனபோது அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போனேன். என் செய்தியை எப்படிச் சொல்வது என்று பேருந்தில் யோசித்துக்கொண்டே போனேன்.

எங்கள் வீட்டு அடுப்படி அலமாரியில் இரண்டு டப்பாக்கள் உண்டு. நீல மூடி போட்டது உப்பு, பழைய பிஸ்கட் டின் சீனி. அப்பாவுக்கு அழுத்தம் என்று தெரிந்த நாளிலிருந்து உப்பு டப்பா அவருக்கு ஆகாது. ஆறு ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்கு இனிப்பு நீர் என்று தெரிந்த நாளிலிருந்து சீனி டப்பா அம்மாவுக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்து இந்த ஏற்பாட்டைப் பார்த்து வளர்ந்ததால் அதில் எனக்கு ஒன்றுமே தவறாகத் தெரிந்ததில்லை.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் முதன்முறையாக அதைக் கவனித்துப் பார்த்தேன். அம்மா தட்டில் கருவாட்டுக் குழம்பு, இரண்டு அப்பளம், பக்கத்தில் எலுமிச்சை ஊறுகாய். அப்பா தட்டில் உப்புக் குறைத்த சாம்பார். அதற்குப் பதிலாகக் குவித்து வைத்த வெள்ளைச் சோறு, சாப்பிட்டு முடித்ததும் டின் பால் ஊற்றிய தேத்தண்ணி, இரண்டு துண்டு கேசரி. அம்மா சொன்னார்: “எனக்குச் சீனிதானே, உப்பு என்ன செய்யும்?” அப்பா சொன்னார்: “எனக்குப் பிரஷர்தானே, இனிப்பு என்ன செய்யும்?” அம்மா தொடாத கேசரியை அப்பா சாப்பிட்டார். அப்பா ஒதுக்கிய கருவாட்டை அம்மா சாப்பிட்டார். இரண்டு பேருமே தங்கள் டாக்டரின் பேச்சைக் கேட்டு நடப்பதாக உண்மையாகவே நம்பினார்கள்.

நான் அந்த மேசையில் வளர்ந்தவன். இரண்டு தட்டிலிருந்தும் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை அப்பாவுக்கு அளந்தேன். அப்பா ஒரு தொழிற்சாலைப் பேருந்தை ஓட்டுகிறார். அதிகாலை நான்கரைக்கு எழுந்து, ஒவ்வொரு தாமானாக நின்று, நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு போகிறவர். அன்று ஞாயிற்றுக்கிழமை, நன்றாகத் தூங்கி எழுந்து நிதானமாகத்தான் உட்கார்ந்திருந்தார். கருவி 168/98 என்றது. ஐந்து நிமிடம் விட்டு மறுபடியும் அளந்தேன். 164/98.

“மாத்திரை போட்டீங்களாப்பா?”

“போடுறேன், போடுறேன்.”

அம்மா ஒன்றும் பேசாமல் போய்ச் சாமி மேடைக்குக் கீழே இருக்கும் இழுப்பறையைத் திறந்து காட்டினார். மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் அடுக்கி இருந்தன. மூன்று மாதத்து மருந்து. கிளினிக்குக்குப் போகும் நாளுக்கு முந்திய வாரம் மட்டும் ஒழுங்காகப் போடுவாராம். போனால் எண் ஓரளவு நன்றாக இருக்கும், யாரும் ஏசமாட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. நான் படிக்கிற படிப்புக்கு என்ன மரியாதை என்றுகூடக் கேட்டுவிட்டேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “அந்த மாத்திரைய மாத்திக் கொடுத்ததிலேருந்து இருமல் தம்பி. வறட்டு இருமல். பஸ்ஸுல ஆளுங்க வச்சுக்கிட்டு இருமிக்கிட்டே ஓட்ட முடியுமா? எல்லாரும் மூக்கப் பொத்திக்கிட்டுத் திரும்பிப் பாக்குறாங்க. நிறுத்திப் பாத்தேன், இருமல் நின்னுருச்சு. தலசுத்தலும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்தேன். பெரிண்டோபிரில். அந்த வகை மருந்துகளுக்கு வறட்டு இருமல் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. நானே தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதே பலனை இருமல் இல்லாமல் கொடுக்கும் வேறு வகை மருந்து இருக்கிறது. கிளினிக்கில் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். அப்பா சொல்லவில்லை. கேட்டால் ஏசுவார்கள் என்று பயம். மூன்று மாதமாக 160-ஐத் தாண்டிய அழுத்தத்தோடு நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு இருட்டில் பேருந்து ஓட்டியிருக்கிறார்.

‘ஒண்ணும் இல்ல’ என்பதைப் பெரியப்பாவும் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அழுத்தமும் இருந்தது, சர்க்கரையும் இருந்தது. எதுவும் வலிக்கவில்லை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. சர்க்கரை அவற்றின் வலையைக் கெடுக்கும், அழுத்தம் அந்தக் கெட்ட வலையின் மேல் இடித்துக்கொண்டே இருக்கும். நம் நாட்டில் புதிதாக இரத்தச் சுத்திகரிப்புக்கு வருவோரில் சரிபாதிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவுதான் காரணம். அதற்கு அடுத்த இடம் உயர் இரத்த அழுத்தத்துக்கு. பெரியப்பா இப்போது வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்து படுத்திருக்கிறார். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கை அது. இப்போது அந்தக் கையில் இரத்தக்குழாய் கயிறுபோல் புடைத்திருக்கிறது. அழுத்தத்துக்கு நல்லது என்று எல்லோரும் சொல்லும் வாழைப்பழமும் இளநீரும்கூட அவருக்கு ஆகாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அவற்றில் உள்ள பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடக் கூடும். ‘உடம்புக்கு நல்ல உப்பு’ என்று விற்கும் பொட்டாசியம் உப்பும் அப்படித்தான். அம்மா அதை வாங்கலாமா என்று கேட்டபோது, பெரியப்பா சாப்பிட வரும் வீட்டில் வேண்டாம் என்று சொன்னேன்.

இது எங்கள் ஒரு வீட்டுக் கதையாக இருந்தால் இங்கே எழுதியிருக்கமாட்டேன். சுகாதார அமைச்சின் 2023 தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம், 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, 33.3 விழுக்காட்டினருக்குக் கொழுப்பு அதிகம். பாதிக்கும் மேற்பட்டோர், 54.4 விழுக்காட்டினர், கூடுதல் எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். அழுத்தம், நீரிழிவு, கொழுப்பு, உடல் பருமன் நான்கும் ஒன்றாக உள்ளவர்கள் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேல். 2019 ஆய்வில் இந்தியர்களிடையே நீரிழிவு 31.4 விழுக்காடு. நம் வயதுக்காரர்களைப் பற்றிய எண்தான் என்னை அதிகம் உறுத்துகிறது: 18 முதல் 29 வயது வரை நீரிழிவு உள்ளவர்களில் 84 விழுக்காட்டினருக்கு அது இருப்பதே தெரியவில்லை. எனக்கும் அந்தச் செய்முறை வகுப்பு இல்லையென்றால் தெரிந்திருக்காது.

அன்று மாலை ஒரு தாளில் அந்த ஐந்து கோட்டைப் போட்டு, என் எண்களை எழுதி, அப்பா அம்மாவிடம் காட்டினேன். அம்மா அழுதுவிடுவார் என்று பயந்தேன். அவர் அழவில்லை. “இது அப்பாவோடதா, என்னோடதா?” என்று கேட்டார். எந்தப் பக்கத்துச் சொத்து என்று கேட்கிறார். இரண்டும் ஒன்றுதான் அம்மா என்று இன்சுலின், தசை, சிறுநீரகம் எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தேன். கதவு, செவிடு என்று சொன்னபோது அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப நான் குடிக்கிற தேத்தண்ணியும் பிரஷர ஏத்துதுன்னு சொல்ற?” ஒரு கிளாஸ் ஏற்றாது, பதினோரு வருடத்துத் தொப்பை ஏற்றும் என்றேன். உப்பைக் குறைத்தது வீணா என்று கேட்டார். வீண் இல்லை. நம் நாட்டுப் பெரியவர்கள் சராசரியாக நாளுக்கு 7.9 கிராம் உப்புச் சாப்பிடுகிறார்கள், உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்கும் குறைவு. ஆனால் அவருடைய சிறுநீரகத்தை ஒரு பக்கம் இன்சுலின் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது உப்பை மட்டும் குறைத்தால் பாதி வேலைதான் நடக்கும்.

எடை ஒரு கிலோ குறைந்தால் மேல் எண் ஏறத்தாழ ஒரு புள்ளி இறங்குகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். 1997-இல் வெளிவந்த ‘டேஷ்’ ஆய்வில், காய்கறி, பழம், கொழுப்புக் குறைந்த பால் நிறைந்த உணவை எட்டு வாரம் கொடுத்தபோது, உயர் அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் எண் சராசரியாக 11.4 புள்ளி இறங்கியது. அந்த எட்டு வாரத்தில் உப்பையும் மாற்றவில்லை, எடையையும் குறைக்கவிடவில்லை. தட்டில் இருப்பதை மாற்றியதற்கே அவ்வளவு.

என் டாக்டர் எனக்கு இன்னும் மாத்திரை தரவில்லை. சில மாதம் வாழ்க்கை முறையை மாற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றார். வாரம் 150 நிமிடமாவது வேர்க்க நடக்கவோ ஓடவோ வேண்டும். மறுபடியும் பந்து விளையாடுகிறேன், முதல் நாள் பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கி ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். மாமாக் கடைக்குப் போவதை நிறுத்தவில்லை, நண்பர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். தே ஓ கோசோங் குடிக்கிறேன். முதல் வாரம் கஷாயம் மாதிரிதான் இருந்தது. உடனடி மீயில் தூளைப் பாதிதான் போடுகிறேன்; என் அறைத்தோழன் மீதிப் பாதியைத் தன் கிண்ணத்தில் போட்டுக்கொள்வதைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை. நான்கு மாதத்தில் நான்கு கிலோ குறைந்தது. வீட்டுக் கருவியில் சராசரி 127/81. இடுப்பு 91. எல்லைக் கோட்டுக்கு இன்னும் ஒரு சென்டிமீட்டர் இருக்கிறது.

அப்பாவோடு கிளினிக்குக்கு நானும் போனேன். இருமல் என்ற சொல்லை அவர் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். சொன்னார். அங்கே இருந்த டாக்டர் ஏசவில்லை. “ஏன் முன்னாலேயே சொல்லல?” என்று மட்டும் கேட்டுவிட்டு லோசார்டானுக்கு மாற்றி எழுதினார். சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொன்னார். போகவில்லை. கடந்த மாதம் அப்பாவின் எண் 142/86. மாத்திரையை நிறுத்திப் பார்ப்பது, யாரோ சொன்ன மூலிகைக்கு மாறுவது, பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையைக் கடன் வாங்குவது எல்லாம் நம் வீடுகளில் நடப்பவைதான். உங்கள் வீட்டிலும் ஓர் இழுப்பறை இருக்கும், ஒருமுறை திறந்து பாருங்கள். திறந்தால் என்னைப்போல் முதலில் கோபப்படாமல், ஏன் என்று கேளுங்கள்.

போன வாரம் வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா தானாகவே பட்டையைக் கட்டிக்கொண்டு, யாரும் பேசக்கூடாது என்று கையால் சைகை காட்டிவிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் நோட்டில் எழுதினார். அம்மா அடுப்படியிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“எனக்கும் ஒரு தடவ பாரேன்.”

அம்மாவுக்குக் கட்டினேன். 146/84.

“இதுக்கு முன்னாடி கிளினிக்குல எவ்வளவும்மா இருந்துச்சு?”

“ஒரு வருசமாவே கொஞ்சம் கூடத்தான் இருக்குன்னு மிஸ்ஸி சொல்லிக்கிட்டே இருந்தாங்க” என்றார் அம்மா. “அது அப்பாவோட வியாதியாச்சே, நம்மளுக்கு என்னன்னு விட்டுட்டேன்.”

அப்பா நோட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பி, நடுவில் ஒரு கோடு போட்டு, அம்மாவின் பெயரை எழுதினார். அம்மா எழுந்து போய் அடுப்பில் இருந்த கருவாட்டுக் குழம்பைப் பார்த்தார். “இன்னிக்கு வச்சாச்சு” என்றார். “நாளைக்கிலேருந்து பாக்கலாம்.”